வேலைக்கும் போய்க்கொண்டு கல்லூரிப் பாடங்களையும் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை, வகுப்பு, வீடு. இந்த மூன்றுக்கும் நடுவில் வாரா வாரம் நூற்றுக்கணக்கில் பக்கங்கள். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். நானும் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடித்தவன்தான். விடிகாலை நாலு மணிக்கு எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிற ஆள் இல்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு நேரத்தைத் தேடினால் எந்த வாரமும் கிடைக்காது. முதலில் இருக்கிற நேரத்தை எண்ணுங்கள். அதற்குள் எதை எவ்வளவு ஆழமாகப் படிப்பது என்று பிறகு முடிவெடுங்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன.

கொடுத்ததை எல்லாம் படித்தே ஆக வேண்டுமா?

எல்லாவற்றையும் ஒரே மாதிரி படிக்க வேண்டாம். ஐந்து பாடம் எடுத்தால் ஐந்து ஆசிரியர்கள். ஒவ்வொருவரும் தன் பாடம் ஒன்றுதான் உங்களுக்கு இருப்பதுபோலப் பட்டியல் போடுகிறார்; ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்ப்பதில்லை. மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

பட்டியலில் உள்ளவை எல்லாம் ஒரே காரணத்துக்காக அங்கே இடம்பிடித்தவை அல்ல. சிலவற்றிலிருந்து தேர்வில் நேரடியாகக் கேள்வி வரும். சிலவற்றை மேற்கோள் காட்டி நீங்கள் கட்டுரை எழுத வேண்டியிருக்கும். சில அடுத்த வகுப்பில் பேசுவதற்கு மட்டும். இன்னும் சில, ஆசிரியருக்குப் பிடித்தவை அல்லது பின்னணிக்காகச் சேர்த்தவை. எது எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள சிலபஸில் மதிப்பெண் பங்கீட்டைப் பாருங்கள். பழைய வினாத்தாள் கிடைத்தால் புரட்டுங்கள். வகுப்பில் ஆசிரியர் எந்தக் கட்டுரையைப் பெயர் சொல்லி மறுபடி மறுபடி இழுக்கிறார் என்று கவனியுங்கள்.

அப்படியும் பிடிபடவில்லை என்றால் நேரே கேட்டுவிடலாம். கேட்கிற விதம் முக்கியம். "எல்லாம் படிக்கணுமா சார்?" என்றால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் மூணு கட்டுரை இருக்கு சார். எனக்கு ஒண்ணைத்தான் ஆழமாப் படிக்க நேரம் கிடைக்கும்போல. எதை எடுத்துக்கட்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் தயங்காமல் ஒன்றைக் காட்டிவிடுவார்கள்.

எனக்கு உண்மையில் எவ்வளவு நேரம் இருக்கிறது? எப்போது பார்த்தாலும் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

தாளில் எழுதிக் கூட்டுங்கள். மனக்கணக்கு இதில் உதவாது.

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளுக்கு ஏழரை மணி என்று வைத்தால் 52.5. பகுதிநேர வேலை 24 மணி, போகவர 6. வகுப்புகள் 15, அதற்குப் போகவர 5. குளியல், சமையல், சாப்பாடு, துணி, வீட்டைக் கூட்டுவது என நாளுக்கு மூன்று மணி, மொத்தம் 21. எல்லாம் சேர்த்து 123.5. மிச்சம் 44.5.

இவ்வளவு இருக்கிறதா என்று வாயைப் பிளக்க வேண்டாம். அந்த 44-இல் பாதியை இப்போதே எழுதித் தள்ளிவிடுங்கள். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும். மேனேஜர் கூடுதல் ஷிப்ட் கேட்பார். நண்பர் கூப்பிடுவார். ஒன்றும் செய்யாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரவும் ஒரு மனிதனுக்கு நேரம் வேண்டும். மிச்சம் 22. அதில் அசைன்மென்ட் எழுத, கணக்குப் போட, செய்முறை ரெக்கார்டு முடிக்க 8 மணி போகட்டும். வாசிப்புக்கு 14. உங்கள் எண்கள் வேறாக இருக்கும், கூட்டுகிற முறை இதுதான்.

ஒரு ஒப்பீடு. ஐரோப்பிய உயர்கல்வியில் முழுநேரப் படிப்புக்கு ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பும் சொந்தப் படிப்பும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 1,500 முதல் 1,800 மணி நேரம் வருகிறது. ஏறக்குறைய ஒரு முழுநேர வேலை. அதன்மேல் வாரம் 24 மணி நேரம் சம்பளத்துக்கு உழைத்தால் நீங்கள் ஒன்றரை ஆள் வேலை பார்க்கிறீர்கள். நேரம் போதாமல் போவது உங்கள் சோம்பேறித்தனம் அல்ல, கூட்டல் கணக்கு.

ஒரு மணி நேரத்தில் எத்தனை பக்கம் படிக்க வேண்டும்?

"வேண்டும்" என்று எந்த எண்ணும் கிடையாது. உங்கள் எண் எது என்று அளந்து பாருங்கள். மூன்று பாடங்களிலிருந்து மூன்று புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம், குறிப்பு எடுத்துக்கொண்டு, வழக்கமான வேகத்தில். எத்தனை பக்கம் போனது என்று எழுதுங்கள்.

மார்க் பிரைஸ்பர்ட் என்ற உளவியலாளர் 2019-இல் 190 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரியவர்கள் ஆங்கிலத்தில் கதையல்லாத உரைநடையை மௌனமாக வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று வந்தது. பக்கத்துக்கு 400 சொல் என்றால் மணிக்கு 35 பக்கம். ஆனால் அது சாதாரண உரையை நிறுத்தாமல் வாசித்துப் போகிற வேகம். பேனாவை எடுத்து, நின்று, யோசித்து, திரும்பிப் போய்ப் படித்தால் கனமான பாடநூலில் மணிக்கு 12 பக்கம் தாண்டுவதே பெரிய விஷயம்.

இப்போது மேலே சொன்ன 14 மணி நேரத்துக்கு வருவோம். வாரப் பட்டியலில் 300 பக்கம் இருக்கிறது என்று வையுங்கள். எல்லாவற்றையும் மணிக்கு 12 பக்கம் என்று படித்தால் 25 மணி நேரம் வேண்டும். வழியே இல்லை. அதையே பிரித்துப் பாருங்கள்: முக்கியமான 100 பக்கத்தை ஆழமாகப் படிக்க எட்டரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. மீதி 200 பக்கத்தை மணிக்கு 40 வீதம் மேலோட்டமாகப் பார்க்க 5 மணி. மொத்தம் பதின்மூன்றரைக்குள் முடிந்துவிடுகிறது. பட்டியல் மாறவில்லை, நேரமும் கூடவில்லை.

அளந்த எண்ணை நம்புங்கள், ஆசையை நம்பாதீர்கள். ரோஜர் பியூலரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், இளங்கலை ஆய்வேடு எப்போது முடியும் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில். ஆனதோ 55 நாளுக்கு மேல்.

வேக வாசிப்புப் பயிற்சியில் சேரலாமா?

பணத்தை மிச்சப்படுத்துங்கள். கீத் ரேனர் குழுவினர் 2016-இல் இது பற்றிய ஆய்வுகளை எல்லாம் அலசினார்கள்: வேகம் கூடினால் புரிதல் குறைகிறது, இரண்டையும் ஒருசேரக் கூட்டும் குறுக்கு வழி இல்லை. விஷயம் ஏற்கெனவே ஓரளவு தெரிந்திருந்தால், சொல்வளம் இருந்தால், வேகம் தானாக வரும். தேவையில்லாத பகுதியைத் தாண்டிப் போகிற திறமை வேறு. அதைக் கற்றுக்கொள்ளலாம், காசும் செலவில்லை.

அந்தத் தாண்டிப் போவதை எப்படிச் செய்வது? எதை விட்டாலும் அதுதான் பரீட்சையில் வரும் என்று பயமாக இருக்கிறது.

ஒரு அத்தியாயத்தை எடுத்துக் காட்டுகிறேன். மக்கள் இடம்பெயர்வது பற்றிய 40 பக்கச் சமூகவியல் அத்தியாயம். உங்களிடம் 75 நிமிடம்.

முதல் பத்து நிமிடம் வரிசையாகப் படிக்காதீர்கள். தலைப்பு, முதல் இரண்டு பத்தி, உபதலைப்புகள், அட்டவணைகள், கடைசி இரண்டு பக்கம். அவ்வளவுதான் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, இந்த ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. "கூலி வித்தியாசம் மட்டும் காரணம் இல்லை, ஏற்கெனவே போனவர்களின் தொடர்பும் காரணம் என்கிறார்போல" என்கிற மாதிரி.

அடுத்து உபதலைப்புகளைக் கேள்வியாக மாற்றுங்கள். "இடப்பெயர்வின் காரணிகள்" என்று இருந்தால், "பக்கத்து வீட்டுக்காரன் போகாதபோது இவன் மட்டும் ஏன் போகிறான்?" என்று ஓரத்தில் கிறுக்குங்கள். கேள்வியோடு போகிற கண் பதில் இருக்கிற பத்தியில் தானாக நிற்கும்.

பிறகுதான் வாசிப்பு. ஒவ்வொரு பத்தியிலும் முதல் வாக்கியம். "ஆனால்", "மாறாக", "இருந்தபோதிலும்" என்று வரும் இடங்களில் வேகத்தைக் குறைத்து முழுதாகப் படியுங்கள். வாதம் திரும்புகிற இடம் அதுதான். ஒரே கருத்துக்கு மூன்று உதாரணம் கொடுத்திருந்தால் ஒன்று போதும். வரையறைகளை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். யாரோ ஒருவரை மறுக்கிற பகுதியை விடாதீர்கள், பரீட்சைக் கேள்விகள் அங்கிருந்து நிறைய வரும்.

கடைசிப் பதினைந்து நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து ஐந்தாறு வரி. எழுதிய பிறகு திறந்து சரிபார்த்து, ஒவ்வொரு வரிக்கும் பக்க எண் போடுங்கள். பக்க எண் இல்லாத குறிப்பு, இரண்டு மாதம் கழித்துக் கட்டுரை எழுதும் ராத்திரியில் உங்களை அழ வைக்கும்.

இதில் என் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. 1940-களிலேயே ஃபிரான்சிஸ் ராபின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஐந்து படிகளாக வகுத்தார்: மேலோட்டமாகப் பார், கேள்வி எழுப்பு, படி, சொல்லிப் பார், திரும்பப் பார். பெரும்பாலோர் மூன்றாவது படியை மட்டும் செய்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

ஆய்வுக் கட்டுரை என்றால் வரிசை இன்னும் சுலபம். சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பத்தி, படங்களும் அட்டவணைகளும், முடிவுரை. இவற்றைப் படித்த பிறகும் அது தேவை என்று தோன்றினால் மட்டும் ஆய்வுமுறைப் பகுதிக்குள் போங்கள்.

இந்த வித்தை எடுபடாத இடங்களும் உண்டு. கணித நிரூபணம், சட்டப் பிரிவு, கவிதை. இவற்றில் ஒரு சொல் தப்பினாலும் எல்லாம் போச்சு. அங்கே பக்க எண்ணிக்கையை மறந்துவிட்டு மணிக் கணக்கில் திட்டமிடுங்கள்.

படிக்கும்போது புரிகிறது. மறுநாள் ஒன்றும் நினைவில் இல்லை. எனக்கு ஞாபகசக்தி குறைவா?

எல்லாருக்கும் அப்படித்தான். ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதனைக்கு ஆட்படுத்தி, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, மறதி எப்படிப் போகிறது என்று 1885-இல் வெளியிட்டார். மறப்பதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது, பிறகு மெதுவாகிறது.

சரி, என்ன செய்வது? நம்மில் பெரும்பாலோர் செய்வது மறுபடி படிப்பது, அல்லது மஞ்சள் ஹைலைட்டரால் பக்கத்தையே குளிப்பாட்டுவது. ஜான் டன்லாஸ்கி குழுவினர் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டபோது இந்த இரண்டுக்கும் பயன் குறைவு என்று மதிப்பிட்டார்கள். மேலே வந்தவை இரண்டு: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது.

ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் செய்த சோதனை இதில் எனக்குப் பிடித்தது. ஒரு குழு ஒரு பத்தியை இரண்டு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42. மறுவாசிப்பு நம்மை ஏமாற்றுவது அந்த ஐந்து நிமிடத்தில்தான். "தெரியும், தெரியும்" என்று தோன்ற வைத்துவிடுகிறது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இதில் லாபம் அதிகம். தன்னைச் சோதித்துக்கொள்ள மேசை வேண்டாம், புத்தகம்கூட வேண்டாம். வரிசையில் நிற்கும்போது, "நேற்றுப் படித்த அத்தியாயத்தில் மூன்று காரணம் சொன்னாரே, என்னென்ன?" என்று கேட்டுக்கொண்டால் போதும். இரண்டுதான் வருகிறதா? மூன்றாவதை ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்.

ஷிப்ட் முடிந்து வந்தால் கண் எழுத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

அந்த நேரத்தில் கனமான பாடத்தை எடுக்கிறீர்கள், அதுதான் சிக்கல். வேலைக்குப் போகும் முன் அரை மணி நேரம் கிடைத்தால்கூட அதை வாரத்திலேயே கடினமான வாசிப்புக்குக் கொடுங்கள். களைத்து வந்த பிறகு பக்க எண் சரிபார்ப்பது, குறிப்பைச் சுத்தமாக எழுதுவது, அடுத்த வாரப் பிடிஎஃப்களைத் தரவிறக்குவது மாதிரி கைவேலைகளைச் செய்யலாம். வாசிப்புக் கணக்கில் இவையும் சேர்த்தி.

இன்னொன்று. வேலையை விட்டு உடம்பு வந்துவிட்டாலும் மனசு அங்கேயே கிடக்கும். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் 2009-இல் எழுதினார். கிளம்பும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி, எது பாக்கி, நாளை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டு வாருங்கள். புத்தகத்தை மூடும்போதும் அதேதான்: "பக்கம் 64, இரண்டாவது பத்தி, இவர் ஏன் அந்தப் புள்ளிவிவரத்தை நம்பவில்லை?" என்று ஒரு சீட்டு. அடுத்த முறை எங்கே விட்டோம் என்று தேடுகிற பத்து நிமிடம் மிச்சம்.

தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். 2003-இல் வந்த ஓர் ஆய்வில் இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், ஒன்றிரண்டு இரவு கண்ணே மூடாதவர்கள் அளவுக்குச் சரிந்திருந்தது. பயமுறுத்துவது வேறொன்று: தாங்கள் அவ்வளவு மந்தமாகிவிட்டது அவர்களுக்கே பெரிதாகத் தெரியவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு ஒரே பத்தியை நாலாவது தடவை படிக்கிறீர்கள் என்றால் விளக்கை அணைத்துவிடுங்கள்.

பஸ், ரயில், இடைவேளை என்று பத்துப் பதினைந்து நிமிடம் துண்டு துண்டாகக் கிடைக்கிறது. போனில் படிக்கலாமா?

படிக்கலாம், எதை என்று பார்த்து. பாப்லோ டெல்காடோ குழுவினர் 2018-இல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தகவல் சார்ந்த உரையில் திரையைவிடக் காகிதத்தில் புரிதல் சற்று மேல். நேர நெருக்கடி இருந்தால் வித்தியாசம் கூடுகிறது. கதைகளில் அந்த வித்தியாசம் இல்லை. ஆக, கனமான அத்தியாயத்தைக் காகிதத்துக்கு வையுங்கள், முடிந்தால் அதை மட்டும் அச்செடுங்கள். நாவல், செய்தி, வகுப்புக் குறிப்பு இவையெல்லாம் போனுக்கு ஒத்துவரும்.

உரையை வாசித்துக் காட்டும் வசதி இப்போது எல்லாப் போனிலும் இருக்கிறது. முதல் வாசிப்புக்கு எனக்கு அது ஒத்துவரவில்லை. வாக்கியம் நிற்காமல் ஓடிவிடுகிறது. ஒரு தரம் படித்ததைத் திரும்பக் கேட்க அருமை. நின்றுகொண்டு போகிற நெரிசலில் வேறு என்னதான் செய்ய முடியும்?

துண்டு நேரத்தில் என்ன செய்வது என்று அப்போது யோசித்தால் போனில் விரல் வேறெங்கோ போய்விடும். முந்தின நாளே ஒரு கட்டுரையைத் திறந்து வைத்துவிடுங்கள்.

பள்ளிப் படிப்பெல்லாம் தாய்மொழியில். இப்போது எல்லாம் ஆங்கிலப் புத்தகம். மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு நேரமாகிறது.

ஆகத்தான் செய்யும். கணக்கில் அதற்கும் சேர்த்து இடம் விடுங்கள். உதவியில்லாமல் ஒரு உரை புரிய அதில் வரும் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழி கற்பித்தலில் பரவலாக எடுத்துக்கொள்ளும் அளவு. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு நல்ல செய்தியும் உண்டு. நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் கல்வி நூல்களில் துறை வேறுபாடில்லாமல் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களைப் பட்டியலிட்டார் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). கல்வி நூல்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் இவற்றிலிருந்து வருகிறது. பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நாளுக்குப் பத்து என்று பார்த்தால் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். அந்த மாதங்களில் நீங்கள் செய்கிற எந்த வேலையையும்விட இது அதிகம் திருப்பித் தரும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் திறக்காதீர்கள். அடிக்கோடிட்டுவிட்டு மேலே போங்கள். அதே சொல் மூன்றாவது முறை எதிர்ப்பட்டால் அப்போது பாருங்கள். இன்னொரு வழி, புதுத் தலைப்பு என்றால் முதலில் தாய்மொழியில் ஒரு சின்ன அறிமுகத்தைப் படித்துவிட்டோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டோ ஆங்கிலப் புத்தகத்துக்குள் போவது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்ன பேசப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் தெரியாத சொல்லும் பாதி தெரிந்த மாதிரி ஆகிவிடும். குறிப்பையும் எந்த மொழியில் யோசிக்க வருகிறதோ அதிலேயே எழுதுங்கள், கலைச்சொற்களை மட்டும் பரீட்சை மொழியில் வைத்துக்கொண்டு.

வீட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் சும்மா இருப்பதாக நினைத்து வேலை சொல்கிறார்கள்.

பார்க்கிறவர்களுக்கு அது அப்படித்தான் தெரியும். சமைத்தால் சத்தம் வருகிறது, துவைத்தால் துணி காய்கிறது. படித்தால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை.

"நான் படிக்கணும்" என்பது வீட்டாருக்கு எல்லையில்லாத கோரிக்கை. எப்போது முடியும் என்று தெரியாததால்தான் குறுக்கே வருகிறார்கள். முடியும் நேரத்தைச் சொல்லுங்கள். "ஏழரையிலிருந்து ஒன்பது வரைக்கும் கூப்பிடாதீங்கம்மா. ஒன்பதுக்கு நானே வந்து பாத்திரம் தேய்ச்சிடறேன்." ஒன்பதுக்குச் சொன்னபடி எழுந்து போங்கள், பாடம் பாதியில் நின்றாலும். இரண்டு வாரம் சொன்ன வார்த்தை தவறாமல் இருந்தால், மூன்றாவது வாரம் ஏழரைக்கு வருகிற பக்கத்து வீட்டாரை அம்மாவே "அவ படிச்சிட்டிருக்கா" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

சிறு குழந்தை இருக்கிற வீட்டில் இந்த வித்தை செல்லாது, குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது. அங்கே இன்னொரு பெரியவரின் நேரம்தான் ஒரே மருந்து. வாரத்தில் இரண்டு தடவை, மூன்று மணி நேரம், வீட்டுக்கு வெளியே, நூலகத்தில். துணைவரோ தாத்தா பாட்டியோ பார்த்துக்கொள்ளட்டும். பேசி முடிவுசெய்து நாட்காட்டியில் எழுதுங்கள். தினமும் நடுவில் எழுந்து எழுந்து படிக்கிற ஒரு மணி நேரத்தைவிட இந்த ஆறு மணி நேரம் எவ்வளவோ மேல்.

வேலை பார்க்கிற இடத்தில் படிப்பு விஷயத்தைச் சொல்லலாமா?

பெரும்பாலும் சொல்வது நல்லது, அதுவும் செமஸ்டர் தொடக்கத்தில். தேர்வுத் தேதிகளையும் பெரிய அசைன்மென்ட் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, "இந்த நாலு வாரம் மட்டும் கூடுதல் ஷிப்ட் எடுக்க முடியாது, மத்த வாரங்கள்ல கூப்பிடுங்க" என்று சொல்லுங்கள். பரீட்சைக்கு முந்தின நாள் லீவு கேட்கிறவருக்குக் கிடைக்காதது, மூன்று மாதம் முன்னால் கேட்கிறவருக்குக் கிடைக்கலாம். படிப்பைச் சொன்னால் வேலைக்கே ஆபத்து என்கிற இடமாக இருந்தால், சக ஊழியர் ஒருவரிடம் ஷிப்ட் மாற்றிக்கொள்கிற ஏற்பாடாவது வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்காமல் வகுப்புக்குப் போகலாமா, அல்லது அந்த நேரத்தில் உட்கார்ந்து படிக்கலாமா?

போங்கள். போகும் முன் இருபது நிமிடம் முன்னுரையும் முடிவுரையும் பாருங்கள், ஒரு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பில் எது முக்கியம் என்று தெரிந்துவிடும், பிறகு படிக்க வேண்டிய பக்கங்களும் குறையும்.

மூன்று வாரம் பின்தங்கிவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது?

இந்த வாரத்திலிருந்து. விட்ட இடத்திலிருந்து வரிசையாகப் பிடிக்கப் பார்ப்பவர்கள் செமஸ்டர் முழுக்க மூன்று வாரம் பின்னாலேயே ஓடுகிறார்கள்; வகுப்பில் பேசுவதும் புரிவதில்லை, படிப்பதும் எதற்கும் உதவுவதில்லை. நடப்பு வாரத்தை முதலில் கையில் எடுங்கள்.

பழைய பாக்கிக்கு ஒரு மதிய நேரம் ஒதுக்குங்கள். விட்டுப்போனவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் "இது எங்கே கேட்கப்படும்?" என்று குறியுங்கள். எதிரே ஒன்றும் எழுத முடியாதவற்றை அடித்துவிடுங்கள். பாவம் பார்க்க வேண்டாம். மீதியில் பாதிக்கு நண்பரின் குறிப்பும் அத்தியாயத்தின் முடிவுரையும் போதும். கடைசியில் நாலைந்து அத்தியாயம்தான் உண்மையிலேயே படிக்க வேண்டியவையாக நிற்கும். அவற்றை அடுத்த மூன்று வாரத்துக்குப் பிரித்துப் போடுங்கள், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் திணிக்காதீர்கள்.

நண்பர்களோடு பங்கு போட்டுப் படிப்பது, ஏஐ செயலியிடம் சுருக்கம் கேட்பது, இதெல்லாம் சரியா?

பங்கு போடுவது நல்ல வழிதான், எல்லாரும் ஒரே அச்சில் எழுதிக் கொடுத்தால். ஆளுக்கு ஒரு பக்கம்: ஆசிரியரின் வாதம் ஒரு வரி, அதற்கு அவர் காட்டும் ஆதாரம் மூன்று, எனக்குப் புரியாதது ஒன்று, பக்க எண்களோடு. பிறகு இருபது நிமிடம் கூடி, எழுதியவர் மற்றவர்களுக்கு வாயால் சொல்ல வேண்டும். அந்த இருபது நிமிடம் இல்லாவிட்டால் அது வெறும் ஜெராக்ஸ் பரிமாற்றம். மூன்று பேர் சரி. ஆறு பேர் ஆனால் ஒருவர் கட்டாயம் கடைசி நிமிடத்தில் கழன்றுகொள்வார்.

ஏஐ சுருக்கத்தை, மேலோட்டமாகப் பார்க்க ஒதுக்கிய 200 பக்கத்துக்குப் பயன்படுத்துங்கள். ஆழமாகப் படிக்க வேண்டிய 100 பக்கத்துக்கு வேண்டாம். அங்கே நீங்கள் தடுமாறிப் புரிந்துகொள்வதுதான் படிப்பு. மூலத்தில் இல்லாததை இருப்பதாகச் சொல்வதும், இல்லாத மேற்கோளை உருவாக்கித் தருவதும் இந்தச் செயலிகளுக்கு வழக்கம். அதிலிருந்து ஒரு வரிகூடப் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் கட்டுரையில் போடாதீர்கள். உங்கள் கல்லூரி விதி என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு கூட்டிக் கழித்தாலும் நேரம் போதவில்லை. ஒரு பாடத்தை விட்டுவிடலாமா?

விடலாம். மேலோட்டமாகப் படிக்க ஒதுக்கியதும் சேர்த்து வாரக் கணக்கு ஐந்தாறு மணி நேரம் பற்றாக்குறையில் போகிறது, ஒரு மாதமாக அப்படியே இருக்கிறது என்றால், இனி எந்தப் படிப்பு முறையும் அதை ஈடுகட்டாது. வேலை நேரத்தைக் குறைக்க முடிந்தால் முதலில் அது. முடியாவிட்டால் ஒரு பாடத்தை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளுவது, ஐந்திலும் தட்டுத்தடுமாறுவதைவிட நல்லது.

முடிவெடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். உதவித்தொகைக்குக் குறைந்தபட்சக் கிரெடிட் நிபந்தனை உண்டா? அந்தப் பாடத்தை முடிக்காமல் எடுக்க முடியாத மேற்பாடம் ஏதாவது இருக்கிறதா? அது அடுத்த செமஸ்டரில் நடக்குமா, அல்லது ஒரு வருடம் காத்திருக்க வேண்டுமா? பாடத்தை விலக்கிக்கொள்ள ஒரு கடைசித் தேதி இருக்கும். அதற்குள் விலகினால் மதிப்பெண் பட்டியலில் பெரும்பாலும் பாதிப்பு வராது, தாண்டினால் தோல்வி என்று ஏறிவிடக்கூடும். அந்தத் தேதி தெரியாவிட்டால் மற்ற கணக்கையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நாளைக் காலை கல்லூரி அலுவலகம் திறந்ததும் அதை முதலில் கேளுங்கள்.